பாவம், இரட்சிப்பு பற்றி நம் தமிழ் வீடுகளில் அரை மணி நேரத்தில் எப்படிச் சொல்வது?

தாம்வே தம்பி:

எல்லாருக்கும் வணக்கம். யங்கோனில் தாம்வே பக்கம் எங்கள் சபையில் இளைஞர் குழு இருக்கிறது. அக்கம்பக்கத்துத் தமிழ் வீடுகளில், கூப்பிட்ட வீட்டில் மட்டும், உட்கார்ந்து இயேசுவைப் பற்றிப் பேச ஆரம்பித்திருக்கிறோம். அரை மணி நேரத்துக்கு மேல் யாருக்கும் பொறுமை இருக்காது. பெரியவர்கள் மாரியம்மன் கோயிலுக்கும் போவார்கள், பௌர்ணமி நாளில் புத்த பகோடாவுக்கும் போவார்கள். பிள்ளைகள் பர்மியப் பள்ளியில் படித்தவர்கள். தமிழ் பேசுவார்கள், வாசிக்கத்தான் தடுமாற்றம்.

எங்கள் கையில் இருக்கும் துண்டுப்பிரதிகள் ரோமர் 3:23, 6:23, 5:8, 10:9 என்று நாலு வசனத்தில் (எல்லாரும் பாவஞ்செய்தார்கள், பாவத்தின் சம்பளம் மரணம், கிறிஸ்து நமக்காக மரித்தார், அறிக்கையிட்டு விசுவாசித்தால் இரட்சிப்பு) முடிந்துவிடுகின்றன. அதைச் சொன்னால் எல்லாரும் தலையாட்டுகிறார்கள். என்ன புரிந்தது என்று கேட்டால், "நல்லது செய்யணும், கெட்டது செய்யக் கூடாது, அப்பத்தான் சாமி காப்பாத்தும்" என்று பதில் வருகிறது. நாங்கள் சொன்னதற்கு நேர் எதிர் இது. எதை முதலில் சொல்வது, எதைப் பிறகு வைத்துக்கொள்வது, எந்த வேதபகுதி எடுப்பது? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பாகோ சயா:

தம்பி, அந்த நாலு வசனமும் சரியானவைதான். ஆனால் பவுல் ரோமர் 3:23க்கு வந்து சேருவதற்கு முன் இரண்டரை அதிகாரம் எழுதியிருக்கிறார். அதன் அஸ்திவாரம் 1:18-25. மனிதன் தன்னைப் படைத்தவரை அறிந்தும் அவரை மகிமைப்படுத்தவில்லை, அவருக்கு நன்றி சொல்லவில்லை என்று 1:21இல் வருகிறது. அந்த அஸ்திவாரம் போடாமல் "எல்லாரும் பாவஞ்செய்து" என்று தொடங்கினால், கேட்கிறவர் மனதில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வரவு செலவுக் கணக்கில் அது ஒரு வரியாகப் போய் உட்கார்ந்துவிடும். நம் ஊரில் அந்தக் கணக்கு இரண்டு பக்கமிருந்தும் வருகிறது. வீட்டில் பாட்டி சொன்ன பாவ புண்ணியம், வெளியில் கேட்டு வளர்ந்த பர்மிய பௌத்தத்தின் குதோ, அகுதோ (நற்செயல், தீச்செயல்). அதன்மேல் இயேசுவை வைத்தால் புண்ணியப் பக்கத்தைக் கூட்டிக்கொடுக்கும் இன்னொருவராகத்தான் அவர் தெரிவார். உங்களுக்குக் கிடைத்த பதில் அங்கிருந்துதான் வந்தது. அவர்கள் கவனிக்கவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். கவனித்துத்தான் அப்படிப் புரிந்துகொண்டார்கள்.

அப்போஸ்தலர் நடபடிகளில் பவுல் ஆளைப் பார்த்து ஆரம்பத்தை மாற்றுவதைக் கவனியுங்கள். 13ஆம் அதிகாரத்தில் ஜெப ஆலயத்தில் யூதரிடம் பேசும்போது எகிப்திலிருந்து தாவீது வரை வரலாறு சொல்கிறார். 14:15-17இல் லீஸ்திராவில் மழையையும் செழிப்பான காலங்களையும் காட்டி, இவற்றைத் தருகிறவர் ஒருவர் இருக்கிறார் என்கிறார். 17ஆம் அதிகாரத்தில் அத்தேனே பட்டணத்தில் உலகத்தையும் அதிலுள்ள யாவற்றையும் உண்டாக்கின தேவனில் தொடங்குகிறார். மனந்திரும்புதல் 30ஆம் வசனத்தில்தான் வருகிறது, உயிர்த்தெழுதல் 31இல். உங்கள் தெருவுக்கு ரோமர் 3ஐவிட அப்போஸ்தலர் 17 பொருத்தம்.

நேரத்தைப் பிரிக்கச் சொன்னால் ஐந்து நிமிடம் படைத்தவர், ஏழெட்டு நிமிடம் பாவம், பன்னிரண்டு நிமிடம் இயேசுவின் மரணமும் உயிர்த்தெழுதலும், மீதி அவர்கள் கேள்விக்கு. பெரும்பாலான குழுக்கள் பாவத்துக்கே இருபது நிமிடம் எடுத்துக்கொண்டு, சிலுவையைக் கிளம்பும் நேரத்தில் அவசரமாகச் சொல்கின்றன. கேட்டவர் மனதில் குற்ற உணர்ச்சி மட்டும் மிஞ்சுகிறது. அது சுவிசேஷமே இல்லை.

முதல் ஐந்து நிமிடத்தில் அப்போஸ்தலர் 17:25ஐ விட்டுவிடாதீர்கள். எல்லாருக்கும் ஜீவனையும் சுவாசத்தையும் கொடுக்கிறவருக்கு நம்மிடமிருந்து எதுவும் தேவையில்லை. இது மனதில் இறங்கினால், நேர்ந்துகொண்டோ காணிக்கை வைத்தோ அவரை நம் பக்கம் திருப்ப முடியாது என்பது தானாக விளங்கும். அவர்களுடைய நேர்ச்சையைக் குறை சொல்ல வேண்டிய வேலையே வராது.

பாவத்தைக் குற்றப் பட்டியலாகச் சொல்ல வேண்டாம். பொய், குடி, களவு என்று அடுக்கினால் தான் செய்யாததை எண்ணிப் பார்த்து நிம்மதியாகிவிடுவார்கள். லூக்கா 15:11-32ஐ முழுவதும் வாசியுங்கள். நிறுத்தி வாசித்தாலும் நாலு நிமிடத்துக்குள் முடியும். பிறகு 12ஆம் வசனத்துக்குத் திரும்பி வாருங்கள். பேச்சு இப்படி இருக்கலாம்:

"தாத்தா, இந்தப் பையன் கேட்டதப் பாருங்க. அப்பா உயிரோட இருக்கும்போதே எம் பங்கப் பிரிச்சுக் குடுங்கிறான். நீங்க கண்ண மூடுனப்புறம் வர்றது எனக்கு இப்பவே வேணும்னு அர்த்தம். அப்பா வேணாம், அப்பாவோட பொருள் மட்டும் வேணும். வேதம் பாவம்னு சொல்றது மொதல்ல இதத்தான். தூர தேசத்துல அவன் ஆடுனதெல்லாம் அதுக்கப்புறம் வந்தது."

சொத்துத் தகராறு பார்த்த எந்தத் தமிழ் வீட்டிலும் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

அடுத்து 18, 19ஆம் வசனங்களையும் 21ஆம் வசனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அவன் பன்றிகள் நடுவே மனப்பாடம் பண்ணிய பேச்சில் மூன்று பகுதி: பாவஞ்செய்தேன், மகன் என்று சொல்லப்படத் தகுதியில்லை, கூலிக்காரனாக வைத்துக்கொள்ளும். அப்பாவின் எதிரில் நிற்கும்போது முதல் இரண்டும்தான் வாயிலிருந்து வருகின்றன. மூன்றாவது வருவதற்குள் அப்பா வேலைக்காரரைக் கூப்பிட்டு வஸ்திரம் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். வேலை செய்து கடனை அடைக்கிறேன் என்ற அவனுடைய திட்டத்துக்கு அங்கே இடமே இல்லை. இரட்சிப்பு கிருபையினால், கிரியைகளினால் அல்ல என்று எபேசியர் 2:8-9 சொல்வதை, இந்த இடத்தில் கேட்கிறவர் தானாகவே கண்டுகொள்வார். சொல்லிவிடாமல், "அவன் மூணாவது சொல்ல வந்தது என்னாச்சு?" என்று கேளுங்கள். பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

மூத்த மகனை விட்டுவிட்டுக் கதையை முடிப்பது பெரிய தவறு. 29ஆம் வசனத்தில் அவன், இத்தனை வருஷமாய் ஊழியஞ்செய்தேன், ஒருக்காலும் உம்முடைய கட்டளையை மீறவில்லை, எனக்கு ஒரு ஆட்டுக்குட்டியாவது கொடுத்தீரா என்கிறான். அவனும் அப்பாவின் பொருளைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறான். தம்பி ஊதாரித்தனத்தால் தூரம் போனான், அண்ணன் வீட்டிலேயே ஒழுக்கத்தோடு தூரம் போனான். இருவருக்காகவும் அப்பா வெளியே வருகிறார், 20ஆம் வசனத்திலும் 28ஆம் வசனத்திலும். உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கும் ஒழுக்கமான பெரியவருக்குரிய பகுதி இந்த இரண்டாவது பாதிதான். சபைக்குள் இருக்கும் நமக்கும் அதுதான், அதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

மவுல்மீன் அக்கா:

சயா சொன்னது நல்ல வழி. ஆனால் லூக்கா 15இல் நிறுத்திவிட்டால் வேறு ஒரு கேள்வி வரும்: அப்பா சும்மாவே மன்னித்துவிட்டார், பிறகு சிலுவை எதற்கு? அதனால் அதோடு 1 கொரிந்தியர் 15:3-5 கட்டாயம் வேண்டும். மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், எழுந்தார், தரிசனமானார் என்று நாலே வினைச்சொல். தான் அடைந்ததையே ஒப்புவித்ததாகப் பவுல் சொல்கிறார், கடிதம் எழுதப்பட்டது கி.பி. 50களில். பொந்தியு பிலாத்து யூதேயாவை ஆண்டது கி.பி. 26 முதல் 36 வரை. இந்த ஆண்டுகளைச் சொல்லுங்கள். ஒரு ஊரில், ஒரு அதிகாரியின் காலத்தில் நடந்ததாகக் கேட்பதற்கும் பொதுவான நீதிக்கதையாகக் கேட்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

இங்கே வரும் எதிர்க்கேள்வி லேசானதல்ல: "அவனவன் வினையை அவனவன்தானே அனுபவிக்கணும்? இன்னொருத்தர் எப்படிச் சுமப்பார்?" பர்மியப் பள்ளியில் படித்த பிள்ளை பௌத்த நூலான தம்மபதத்தின் 165ஆம் பாடலையே சொல்லலாம். தீமை செய்வதும் தன்னாலே, தூய்மையாவதும் தன்னாலே, ஒருவர் மற்றவரைத் தூய்மையாக்க முடியாது என்பது அதன் பொருள். உடனே மறுத்துப் பேசாதீர்கள். ஒரு மனிதன் இன்னொரு மனிதனுடைய பாவத்தைச் சுமக்க முடியாது என்பதை வேதமும் ஒத்துக்கொள்கிறது. எசேக்கியேல் 18:20 அதைச் சொல்கிறது, சங்கீதம் 49:7-8ம் அதைத்தான் சொல்கிறது. அந்த இரண்டையும் வாசித்துவிட்டு அடுத்த அடி எடுத்துவையுங்கள்.

அடுத்த அடி இது. மன்னிப்பு என்று ஒன்று நடந்தால் நஷ்டம் காற்றில் கரைந்துவிடாது, மன்னிக்கிறவர் அதை ஏற்றுக்கொள்கிறார். லூக்கா 15லேயே பாருங்கள், செலவான சொத்து திரும்பி வரவில்லை, ஊர் நடுவே ஓடிவந்த அவமானமும் அப்பாவுக்குத்தான். சிலுவையில் சுமந்தவர் யாரோ மூன்றாம் மனிதர் அல்ல. யாருக்கு விரோதமாய் நாம் பாவம் செய்தோமோ அவரே நம் இடத்துக்கு இறங்கி வந்து சுமந்தார். 2 கொரிந்தியர் 5:19 தேவன் கிறிஸ்துவுக்குள் உலகத்தைத் தமக்கு ஒப்புரவாக்கினார் என்கிறது. யோவான் 10:18இல் இயேசு, தன் ஜீவனை யாரும் தன்னிடமிருந்து எடுத்துக்கொள்ளவில்லை, தானே கொடுப்பதாகச் சொல்கிறார். கோபக்காரத் தகப்பன் ஒன்றும் அறியாத மகனை அடித்துத் தன் ஆத்திரத்தைத் தீர்த்துக்கொண்டார் என்கிற மாதிரிச் சில பிரசங்கங்கள் போகின்றன. தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். கேட்கிறவர் அந்தத் தகப்பனிடம் வரப் பயப்படுவார், பயப்படுவது நியாயமும்கூட.

புண்ணியம் பகிரும் வழக்கத்தை யாராவது ஒப்பிட்டுச் சொல்வார்கள். தானம் முடிந்ததும் அதன் பலனை எல்லாருக்கும் பகிர்ந்து, கேட்டவர்கள் மூன்று தரம் "தாது" (சாது, நன்று) சொல்வதை நம் பிள்ளைகள் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். "அதே மாதிரிதானா?" என்று கேட்டால், நன்மையை மற்றவருக்குக் கொடுக்கும் மனம் அழகானது என்று முதலில் ஒத்துக்கொள்ளுங்கள். பிறகு வித்தியாசத்தைக் காட்டுங்கள். அங்கே அந்த நன்மையைக் கண்டு மகிழ்கிற மனம் கேட்பவருடைய சொந்தப் புண்ணியமாகிறது. ரோமர் 5:6-10இல் பெறுகிறவருக்கு என்னென்ன பெயர் என்று பாருங்கள்: பெலனற்றவர், பாவி, சத்துரு. கையில் கொண்டுவர எதுவும் இல்லாதவர்.

முதல் சந்திப்பில் யோவான் 3:3ஐ எடுக்காதீர்கள். பிறவிச் சுழலிலிருந்து விடுபட வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் கேட்டவரிடம் "நீங்க மறுபடியும் பிறக்கணும்" என்றால் அது நற்செய்தியாகக் கேட்காது. "நித்தியஜீவன்" என்று வெறுமனே சொன்னாலும் முடிவே இல்லாத இதே வாழ்க்கையா என்று தோன்றும். அதற்கு இயேசு தந்த விளக்கம் யோவான் 17:3இல் இருக்கிறது: மெய்த்தேவனையும் அவர் அனுப்பினவரையும் அறிவதே நித்தியஜீவன். அதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

உயிர்த்தெழுதலிலும் இதே சிக்கல் வரும். "மூணாம் நாள் உயிரோட வந்தார்" என்றால் பாதிப் பேர் அதை மறுபிறவி என்று எடுத்துக்கொள்வார்கள். லூக்கா 24:36-43ஐ வாசியுங்கள். அதே ஆள், அதே உடம்பு, கையிலும் காலிலும் காயத்தழும்பு, தொட்டுப் பார்க்கச் சொல்கிறார், பொரித்த மீனை வாங்கித் தின்கிறார். ரோமர் 6:9 அவர் இனி மரிப்பதில்லை என்கிறது. வேறு ஒரு பிறப்பு எடுத்து மறுபடியும் சாகும் கதை இல்லை. இந்தப் பகுதி தெளிவாகாமல் மேலே போகாதீர்கள், ஏனென்றால் கிறிஸ்து எழுந்திராவிட்டால் நாம் இன்னும் நம் பாவங்களில்தான் இருக்கிறோம் என்று 1 கொரிந்தியர் 15:17 அறுத்துச் சொல்கிறது.

இன்னொன்று, மிக முக்கியம். கஷ்டத்தைப் பாவத்தின் தண்டனை என்று சொல்லாதீர்கள். 2008 மே மாதம் நர்கிஸ் புயலில் உறவுகளை இழந்த குடும்பங்களும், 2025 மார்ச் நிலநடுக்கத்தில் வீடு இழந்தவர்களின் சொந்தக்காரரும் நீங்கள் போகும் தெருவில் இருக்கலாம். பிறவிக்குருடனைக் குறித்து யார் பாவம் செய்தது என்று கேட்ட சீஷருக்கு, இவனும் அல்ல, இவனைப் பெற்றவர்களும் அல்ல என்றார் இயேசு, யோவான் 9:3. சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று லூக்கா 13:4இல் அவரே கேட்கிறார், அல்ல என்று அவரே பதிலும் சொல்கிறார். குழந்தையை இழந்த தாயிடம் இதை மாற்றிச் சொன்னால் அந்த வீட்டில் பிறகு எது சொன்னாலும் ஏறாது.

தாம்வே தம்பி:

சயா, அக்கா, நன்றி. லூக்கா 15ஐ முழுவதுமாகக் குழுவில் வாசித்துப் பழகப் போகிறோம். இரண்டு கேள்விகளுக்கு மட்டும் இன்னும் பதில் வேண்டும். ஒன்று, "நான் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யல, பஞ்சசீலம் காக்கிறேன், எனக்கு என்ன பாவம்?" என்கிற பெரியவர். அவர் சொல்வது பொய்யும் இல்லை, தெருவே அவரை மதிக்கிறது. இரண்டு, "எல்லாத்தையும் மன்னிச்சிட்டார்னா இனி என்ன செஞ்சாலும் பரவாயில்லையா?" என்று பிள்ளைகள் கேட்பது.

மறைக்கல்வி ஆசிரியர்:

நான் கத்தோலிக்கன். சொற்கள் கொஞ்சம் மாறியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்விக்குத் திருத்தூதர் பணிகள் (நீங்கள் அப்போஸ்தலர் நடபடிகள் என்பது) 10ஆம் அதிகாரம். கொர்னேலியு என்ற நூற்றுவர் தலைவர் கடவுளுக்கு அஞ்சி நடந்தவர், ஏழைகளுக்கு வாரி வழங்கியவர். அவருடைய இறைவேண்டலும் தருமமும் கடவுள் திருமுன் சென்றடைந்ததாக வானதூதரே சொல்கிறார். அந்த நன்மையை யாரும் குப்பை என்று தள்ளவில்லை. அப்படியிருந்தும் பேதுருவை வரவழைக்கச் சொல்லப்படுகிறது, பேதுரு வந்து இயேசுவின் இறப்பையும் உயிர்ப்பையும் சொல்லி, அவரை நம்புகிறவருக்குப் பாவமன்னிப்பு என்று 10:43இல் முடிக்கிறார். அந்தப் பெரியவரை கொர்னேலியுவின் இடத்தில் வைத்துப் பேசுங்கள். அவருடைய நல்லொழுக்கத்தில் ஓட்டை தேடாதீர்கள். தேடிக் கண்டுபிடித்தாலும் நீங்கள் வாதத்தில் ஜெயிப்பீர்கள், அவர் மனம் மூடிக்கொள்ளும்.

அதற்குப் பதில் ஒரு கேள்வி கேட்கலாம்: "ஐயா, இவ்வளவு நல்லா வாழ உங்களுக்கு உடம்பு, புத்தி, நல்ல மனசு குடுத்தவருக்கு நீங்க என்ன உறவு?" மாற்கு 12:30இல் முதன்மையான கட்டளை, முழு இதயத்தோடு ஆண்டவராகிய கடவுளிடம் அன்புகூர்வது. அடுத்தவனுக்குத் தீங்கு செய்யாதது இரண்டாவது கட்டளையின் ஒரு பகுதி மட்டும். சயா காட்டிய மூத்த மகன் அப்பாவுக்கு ஒரு தீங்கும் செய்யவில்லையே. பிறகு மாற்கு 7:21-23, உள்ளத்திலிருந்து வெளிவருபவை. பொறாமை, செருக்கு இரண்டையும் வாசித்துவிட்டு நிறுத்திவிடுங்கள். விளக்கம் வேண்டாம். நேர்மையான மனிதருக்குத் தன் உள்ளம் தெரியும். பேதுருவே வலை கிழியும்படி மீன் அகப்பட்டபோதுதான் "நான் பாவி" என்றார், லூக்கா 5:8. யாரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை, இயேசு யார் என்று கண்டார், அவ்வளவே.

இரண்டாவது கேள்வி பவுலுக்கே வந்தது. ரோமையர் 6:1-2இல் அவரே கேட்டு அவரே மறுக்கிறார். பிள்ளைகளுக்கு வரிவசூலிப்பவனான சக்கேயுவைக் காட்டுங்கள், லூக்கா 19. இயேசு முதலில் அவன் வீட்டுக்குப் போகிறார். அதற்குப் பிறகுதான் அவன் உடைமையில் பாதியை ஏழைகளுக்கும், ஏமாற்றியதை நான்கு மடங்காகவும் கொடுப்பதாகச் சொல்கிறான். வரிசை மாறவில்லை பாருங்கள். கொடுத்ததால் இயேசு வரவில்லை, வந்ததால் கொடுத்தான். ஆனால் கொடுத்தான். எபேசியர் 2:8-9ஐச் சொல்கிறவர்கள் 10ஆம் வசனத்தையும் வாசித்தால் இந்தக் கேள்வி பாதி குறைந்துவிடும்: நற்செயல்கள் புரிவதற்காகவே படைக்கப்பட்டிருக்கிறோம்.

உங்களிடம் "அந்தோணியார் கோயில்காரங்க வேற மாதிரி சொல்றாங்களே" என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கையெழுத்திட்ட கூட்டறிக்கை, நம் தகுதியால் அல்ல, அருளால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் நம்பிக்கை வைத்துக் கடவுளால் ஏற்றுக்கொள்ளப்படுகிறோம், நற்செயல்களுக்காகத் தூய ஆவியார் நம்மைப் புதுப்பிக்கிறார் என்று அறிவித்தது. உலக மெதடிஸ்ட் பேரவையும் 2006இல் அதில் இணைந்தது. வேறுபாடுகள் தீர்ந்துவிடவில்லை. திருமுழுக்கு, நற்கருணை பற்றி நாம் ஒன்றாகப் பேசுவதில்லை. அவற்றை முதல் அரை மணி நேரத்தில் ஒரு இந்துக் குடும்பத்தின் முன்னால் விரித்துப்போட வேண்டிய அவசியமும் இல்லை. யாராவது திருமுழுக்குக் கேட்டால் அவசரம் வேண்டாம். எங்கள் பக்கம் பெரியவர்கள் முதலில் கற்பிக்கப்பட்டு, வழக்கமாக உயிர்ப்புப் பெருவிழாவின் முந்தின இரவுத் திருவழிபாட்டில்தான் திருமுழுக்குப் பெறுகிறார்கள். உங்கள் பாஸ்டரிடமும் ஒரு ஆயத்த வகுப்பு இருக்கும்.

இன்செயின் வாசகர்:

மொழி பற்றி மட்டும். பிள்ளைகளுக்குத் தமிழ் வேதத்தைத் திணிக்காதீர்கள். அமெரிக்க மிஷனரி ஜட்சன் 1834இல் முடித்துப் பின்பு திருத்தி 1840இல் வெளிவந்த பர்மிய வேதாகமம் இன்னும் சபைகளில் புழக்கத்தில்தான் இருக்கிறது. லூக்கா 15ஐ ஒரு பத்தி தமிழில் நீங்கள் வாசியுங்கள், அதே பத்தியைப் பர்மிய மொழியில் வீட்டுப் பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். அதிகாரமும் வசன எண்ணும் ஒத்துப்போகும். தாத்தாவுக்குப் பேரன் விளக்க, பேரனுக்குத் தாத்தா விளக்க, நீங்கள் பேச வேண்டியது பாதியாகக் குறையும். பெரியவர்களில் வாசிக்கத் தெரியாதவர்கள் உண்டு, அவர்கள் கையில் புத்தகத்தைக் கொடுத்துக் கூச்சப்பட வைக்காதீர்கள். கைபேசியில் ஒலிவடிவம் போட்டுக் கேட்கலாம். நீதிமானாக்கப்படுதல், பரிசுத்தமாகுதல், கிருபாதாரபலி மூன்றும் முதல் நாள் பேச்சில் வேண்டாம்.

பாகோ சயா:

கொர்னேலியு நல்ல உதாரணம், ஐயா. கடைசிப் பத்து நிமிடத்தில் நடக்கும் தவறுகள் பற்றி யாரும் சொல்லவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன்.

எல்லாரையும் கண் மூடச் சொல்லி, "நான் சொல்றத திருப்பிச் சொல்லுங்க" என்று ஜெபம் பண்ண வைக்காதீர்கள். வீட்டுக்கு வந்தவர் சொன்னால் மறுக்கக் கூடாது என்கிற மரியாதைக்காக மொத்தக் குடும்பமும் சொல்லிவிடும். அடுத்த வாரம் போனால் சாமி மாடத்தில் மற்றப் படங்களோடு இயேசு படம் ஒன்றும் சேர்ந்திருக்கும், நீங்கள் நாலு பேர் இரட்சிக்கப்பட்டார்கள் என்று சபையில் சாட்சி சொல்லியிருப்பீர்கள். அதற்குப் பதிலாக, கேட்டதை அவர்கள் வாயால் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். "இளைய மகன் எதனால திரும்ப ஏத்துக்கொள்ளப்பட்டான்?" என்பதற்கு "திருந்திட்டான், அதனால" என்று பதில் வந்தால் 20ஆம் வசனத்தை மறுபடி வாசியுங்கள். தூரத்தில் வரும்போதே, அவன் ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்பே, அப்பா ஓடிவந்துவிட்டார். யாராவது தானாக ஜெபிக்க விரும்பினால் லூக்கா 18:13இல் ஆயக்காரன் (வரி வசூலிப்பவன்) சொன்ன ஒரு வரி போதும்: "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்." விசுவாசிப்பதென்றால் மாடத்தில் ஒரு படம் கூடுவது இல்லை, முழுவதும் அவர் பக்கம் திரும்புவது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். லூக்கா 14:28இல் செல்லும் செலவை முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கச் சொன்னவர் இயேசுதான்.

அரிசி, மருந்து, பள்ளிப் பணம் எதையும் இந்தப் பேச்சோடு முடிச்சுப் போடாதீர்கள். உதவி செய்ய வேண்டுமானால் வேறொரு நாளில், வேதம் கேட்க மறுத்த வீட்டுக்கும் சேர்த்துச் செய்யுங்கள். இலவசமாய்க் கிடைக்கும் கிருபையைப் பற்றிப் பேசிவிட்டு, கேட்டால்தான் அரிசி என்றால் நாமே அதை விலைக்கு விற்றதாகிவிடும். வியாதி குணமாகும், சிங்கப்பூரில் வேலை கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ஜெபிக்கலாம், அது வேறு.

பெற்றவர்கள் இல்லாத நேரத்தில் பிள்ளைகளை மட்டும் உட்கார வைத்துப் பேச வேண்டாம். தெய்வங்களைப் பழித்துப் பேசவே கூடாது. எபேசுவில் பவுலின் கூட்டாளிகளைப் பிடித்தபோது, இவர்கள் கோவிலைக் கொள்ளையடித்தவர்களும் அல்ல, உங்கள் தேவியைத் தூஷித்தவர்களும் அல்ல என்று ஊர்ச் சம்பிரதியே (நகர நிர்வாக எழுத்தர்) சாட்சி சொன்னார், அப்போஸ்தலர் 19:37. வேற்று மதத்து அதிகாரி நம்மைப் பற்றியும் அப்படிச் சொல்லும்படி நடக்க வேண்டும்.

அவசரப்படாதீர்கள். ஜட்சன் ரங்கூனில் இறங்கியது 1813 ஜூலையில். பர்மியரில் முதல் விசுவாசியான மவுங் நாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது 1819 ஜூனில். அந்த வருஷம் அவர் சாலை ஓரத்தில் ஒரு ஸயாத் (இளைப்பாறும் சத்திரம்) கட்டி, போகிற வருகிறவர்கள் உட்கார்ந்து கேள்வி கேட்க இடம் செய்திருந்தார். உங்களுக்கும் அப்படி ஒரு தொடர்ச்சி வேண்டும். விருப்பமுள்ள வீட்டில் மாற்கு சுவிசேஷத்தை வாரம் இரண்டு அதிகாரமாக வாசியுங்கள், எட்டு வாரத்தில் முடியும். மொத்தமாக வாசித்தாலே ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான். முதல் வாரத்திலேயே 2:1-12 வந்துவிடும், பாவத்தை மன்னிக்க இவர் யார் என்ற கேள்வியை அங்கிருக்கும் வேதபாரகரே (யூத வேத அறிஞர்) கேட்டுவிடுகிறார்கள். ஐந்தாம் வாரத்தில் 10:45, அநேகரை மீட்கும்பொருளாகத் தம் ஜீவனைக் கொடுக்க வந்தார். அங்கே அக்கா சொன்ன கேள்வி மறுபடி வரும், எசேக்கியேல் 18:20ஐயும் சங்கீதம் 49:7-8ஐயும் அன்றைக்குக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எட்டாம் வாரம் 15, 16 வாசிக்கும்போது 16:8க்குப் பிறகு அடைப்புக்குறியோ அடிக்குறிப்போ சில பதிப்புகளில் இருக்கும், பர்மிய வேதம் வைத்திருக்கும் பிள்ளை கேட்டாலும் கேட்கும். மிகப் பழைய கைப்பிரதிகள் சிலவற்றில் அந்தக் கடைசிப் பகுதி இல்லை என்று நேராகச் சொல்லிவிட்டு, அன்றைக்கே லூக்கா 24ஐ அதோடு சேர்த்து வாசித்துவிடுங்கள்.